எண்ணெய் பிடிக்காத செண்பகம்

செய்தி வந்தபோது நான் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாவது சுற்று. செண்பகத்தின் அக்கா மகள் கவிதாதான் போனில். "மாமா, சித்தி இறந்துட்டாங்க மாமா. காப்பி குடிச்சிட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். "சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். அறுபத்து நான்கு வந்ததும் கம்பியை வெட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்தும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதுகிற இன்று வரைக்கும் ஆகவில்லை.

செண்பகத்திடம் தலையைக் கொடுத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம். யார் தலையில் எவ்வளவு சொந்தச் சரக்கு, எவ்வளவு செண்பகத்தின் கைவேலை என்று பெயர் போட்டுச் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவர்' என்று மரியாதையாக எழுதச் சொல்லியிருக்கிறாள் என் மனைவி சரோஜா. இருபது வருஷம் வா, போ என்று பேசிவிட்டு இப்போது மரியாதை கொடுத்தால் செண்பகத்துக்கே அடையாளம் தெரியாது. அவள் என்றே எழுதுகிறேன்.

திருவையாற்றுக் கடைத்தெருவில் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிற என் கடை. அந்தப் பக்கம் அவளுடைய பியூட்டி பார்லர். நான் செய்கிற கேலி சுவரைத் தாண்டி அங்கே போகும். அவள் வாயில் கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு திட்டுவது இங்கே வரும். அவசரம் என்றால் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு. அதற்கு 'வா' என்று அர்த்தம்.

அவள் கடை திறந்த அன்றைக்கே நான் போய்ப் பார்த்தேன். பூனை முடி என்பார்களே, அப்படி மெல்லிசான முடி அவளுக்கு. எண்ணிக்கையும் குறைவு. நான் சும்மா இருப்பேனா?

"ஏம்மா, கடைக்காரி தலையிலயே சரக்கு இல்லியே. வர்றவங்க எத நம்பி வருவாங்க?"

"உங்க வீட்டுக் கெணத்து மோட்டார் மூணு மாசமா ஓடலன்னு அண்ணி சொன்னாங்க. உங்க கடைக்கு எத நம்பி வர்றாங்களோ, அதே நம்பிக்கதாண்ணே."

அன்று சாயங்காலமே வீட்டு மோட்டாரைச் சரிசெய்தேன்.

அடர்த்தியான முடியோடு வருகிறவர்களிடம் அவளுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. "அதுக்கு நான் எதுக்கு, யார் சீவுனாலும் நல்லாருக்கும்" என்பாள். எலிவால் சடையோடு ஒரு கல்யாணப் பெண் வந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். ஒரு தடவை அவள் கடையில் சுவிட்சு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா மகளை அழைத்துக்கொண்டு, பையில் இரண்டு சவுரியோடு வந்தார். பெண்ணின் தலையில் எண்ணெய் வழிகிறது. செண்பகம் சவுரியை வாங்கி ஓரமாக வைத்தாள். "சவுரி வேணாம்னு சொல்லலம்மா. மொதல்ல இருக்கறத நிக்க வைப்போம். இல்லாததப் பத்தி அப்பறம் பேசுவோம்" என்றாள்.

பிறகு நடந்ததை நான் ஏணியில் நின்றபடியே முழுக்கப் பார்த்தேன். எண்ணெய் போக இரண்டு தடவை அலசினாள். பெண்ணைக் குனியச் சொல்லி, முடி தரையைப் பார்த்துத் தொங்க, டிரையரை வேர்ப் பக்கமாகக் காட்டி உலர்த்தினாள். பழகிப்போன வகிட்டை விட்டுவிட்டு மறுபக்கம் புதிதாக ஒரு வகிடு எடுத்தாள். உச்சியில் மேல் முடியை விலக்கி ஊசி போட்டு வைத்துவிட்டு, அடி முடியை மட்டும் சீப்பால் நுனியிலிருந்து வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சீவினாள். அது பஞ்சு மாதிரி எழுந்து நின்றது. விலக்கி வைத்ததை அதன் மேல் போர்த்தி லேசாகத் தடவிவிட்டாள். "அவ்வளவுதாம்மா. அடியில தூக்கு, மேல தடவு." அந்த அம்மா மகளைச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் பின்னலுக்கு மட்டும் ஒரு சவுரி போதும் என்று ஆனது. இன்னொன்றைப் பையிலேயே திருப்பி எடுத்துப் போனார்கள்.

"நானும் மெல்லிசுக் கம்பியத்தான் சுத்துறேன். ஒழுங்கா அடுக்கினா மோட்டாருக்குள்ள இருக்கற காடிப் பள்ளம் ரொம்பித்தான் தெரியும். நீயும் நானும் ஒரே தொழில்" என்றேன்.

"உங்க கம்பி கருகினா புதுசு மாத்திடலாம். இது கொட்டிப்போனா கொட்டினதுதாண்ணே. ஒரே தொழில்னு வெளியில சொல்லிடாதீங்க, என் யாவாரம் படுத்துரும்."

எண்ணெய்மேல் அவளுக்கு அப்படி என்ன பகை என்று ஒருநாள் கேட்டேன். ராத்திரி வை, காலையில் அலசிவிடு, எண்ணெயோடு வெளியே மட்டும் போகாதே என்பதுதான் வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் சொல்வது. காரணத்தை அன்றைக்குத்தான் சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோல. அவளைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்களாம். மூன்று தடவையும் அவள் அம்மா உள்ளங்கை நிறைய எண்ணெயை வைத்து வழித்துச் சீவி உட்கார வைத்திருக்கிறார். மூன்றாவதாக வந்த வீட்டு அம்மாள் எழுந்து நின்றுகொண்டே, "பொண்ணுக்கு மண்ட தெரியுதே" என்றாராம். அதற்குப் பிறகு இவள் யார் முன்னாலும் போய் உட்காரவில்லை. "அம்மாவக் குத்தம் சொல்லக் கூடாதுண்ணே. ஆசயாத்தான் வச்சாங்க" என்றாள்.

என்மேல் அவள் கோபப்பட்டது ஒரே ஒரு தடவை. சரோஜாவுக்குத் தைராய்டு வந்து முடி கொட்டிப்போயிருந்த நேரம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தாள். கல்யாணம் காட்சி எதற்கும் போவதில்லை. நான் என் வழக்கப்படி, "வீடு கூட்டுனா ஒரு தல முடி கெடக்கு, உன் தலையில பாதிதான் இருக்கு" என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளிடமும் அதையே சொன்னேன். சுவரில் இரண்டு தட்டு. போனேன்.

"அண்ணே, முடி போனது அண்ணிக்கு. உங்களுக்குப் போறது வாய் மட்டுந்தான். ஒரு மாசம் அத மூடி வைங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சரோஜாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னாள். முடி கொட்டுவதற்குத் தன்னிடம் வைத்தியம் இல்லை, டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். முதுகு வரை நூலாகத் தொங்கிய முடியைத் தோளுக்குக் கீழே நேராக வெட்டிவிட்டாள். மாசம் இரண்டு தடவை சரோஜா அங்கே போனாள். வெறுமனே போய் வரவில்லை, செய்வதையும் கற்றுக்கொண்டு வந்தாள். அந்த ஆவணியில் மன்னார்குடிக் கல்யாணத்துக்கு அவளே புடவை எடுத்து வைத்தாள். அங்கே ஒரு சொந்தக்காரி, "என்ன எண்ண தேய்க்கிற?" என்று கேட்டாளாம். சரோஜா வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே சொல்லிச் சிரித்தாள்.

போன வருஷம் செண்பகம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். போனவர் அவளுடைய பழைய வாடிக்கைக்காரர். வந்தவள் தன் கடையைத் திறக்காமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நம் பக்கத்தில் வழக்கம் தெரியும்தானே. குளிப்பாட்டுவதற்கு முன் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புறங்கையால் தலையில் எண்ணெய் வைப்பார்கள், சீயக்காய் வைப்பார்கள்.

"இருவது பேர் எண்ணெய் வச்சாங்கண்ணே. சீயக்கா பேருக்குத்தான். மேல ஒரு கொடம் தண்ணிய ஊத்தி எடுத்துட்டாங்க. தல அப்பளமாப் போச்சு. வருஷக் கணக்கா நான் தூக்கி நிறுத்துன தல. எனக்கு அப்படி விட்டுறாதீங்கண்ணே."

"நான்ல மொதல்ல போவேன். நீ என் அஞ்சு முடியப் பாத்துக்க."

"வெளயாடாம சத்தியம் பண்ணுங்க."

கிரீஸ் கையோடு அவள் உள்ளங்கையில் அடித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க வகிட இந்தப் பக்கம் மாத்துங்கண்ணே, கொஞ்சம் நிக்கும்" என்றாள். பார்க்கும்போதெல்லாம் சொல்வதுதான். அவள் சொல்கிறாளே என்பதற்காகவே நான் மாற்றாமல் இருந்தேன்.

இப்போது நான் செய்த தப்பு. அவளுடைய டிரையர் ஓடவில்லை என்று என் கடையில் கொடுத்திருந்தாள். குறுவைக்கு நாற்று விடுகிற சமயம். கரண்டு அழுத்தம் குறைந்து தினம் நாலு மோட்டார் கருகி வருகிற மாதம். நாளைக்கு, நாளைக்கு என்று பதினோரு நாள் சொன்னேன். வேலை இருந்தது உண்மைதான். அவள் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பதில் எனக்கு ஒரு விளையாட்டு இருந்ததும் உண்மை. "மேசை ஃபேனுக்கு முன்னால எல்லாரையும் குனிய வச்சிருக்கேண்ணே, ஒங்களுக்குப் பாவமா இல்லியா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் காலையில் கவிதாவின் போன்.

காயிலை வைத்துவிட்டு அந்த டிரையரைப் பிரித்தேன். பிடியருகில் ஒயர் மடங்கி உள்ளே அறுந்திருந்தது. வெட்டி, சேர்த்து, முறுக்கினேன். ஐந்து நிமிஷ வேலை. சுவிட்சைப் போட்டதும் ஓடியது. அதையும் நீள ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு, சரோஜாவை அழைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன்.

செண்பகத்தின் அக்கா ருக்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

"எண்ணெய் வைக்கக் கூடாதா? கூடப் பொறந்தவ வைக்காம வேற யாரு வைப்பா? இதுலயும் வெளயாட்டாண்ணே உங்களுக்கு?"

ஊருக்கே விளையாட்டுக் காட்டியவன் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வயதான உறவுக்காரர் ஒருவர், "மொறைய மாத்தப்படாதுங்க" என்றார். எண்ணெய்க் கிண்ணம் கை மாறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சீயக்காய்க் கிண்ணம், யாரும் பெரிதாகத் தொடாமல்.

"மொறைய மாத்த வேணாம்" என்றேன். "எண்ணெய் வைங்க, எல்லாரும் வைங்க. அதே மாதிரி சீயக்காயும் மொறதான? அத மட்டும் ஏன் பேருக்கு வைக்கிறீங்க? வச்ச எண்ணெய் போற வரைக்கும் தேச்சு அலசுங்க. எந்த மொறையும் கொறயாது."

உறவுக்காரர் யோசித்தார். "அது சரிதான்" என்றார். ருக்மணி எழுந்து வந்து எண்ணெய் வைத்தாள். அவள் அம்மா மாதிரி உள்ளங்கை நிறைய எடுக்கவில்லை, புறங்கையில் ஒரு சொட்டு. பிறகு சீயக்காய்க் கிண்ணத்தை அவளே எடுத்துக்கொண்டாள்.

பெண்கள் புடவையால் மறைப்புக் கட்டினார்கள். ஆண்கள் வெளியே. அலசும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து டிரையரை உள்ளே கொடுத்தேன். சாவு வீட்டில் அந்தச் சத்தம் கிளம்பியதும் வெளியே பேச்சு நின்றுவிட்டது. நான் மறைப்பின் பக்கம் முகத்தைக் காட்டாமல் நின்றுகொண்டு சொன்னேன்.

"வேர்ப் பக்கமாக் காட்டணும். தலைய லேசாத் தூக்கிப் புடிக்கணும்."

"தெரியும்" என்றது சரோஜாவின் குரல்.

"வகிடு எடது பக்கம்."

"தெரியுங்க."

"அடியில தூக்கி..."

"எனக்கும் அவதான் சொல்லிக் கொடுத்தா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

மறைப்பை எடுத்தபோது பார்த்தேன். நெற்றிக்கு மேல் முடி நின்றது. வகிடு இடது பக்கம். பின்னால் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் படிந்திருந்தது. செண்பகமாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். மோட்டாரைச் சரிபார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. ருக்மணி தங்கையின் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனாள். தொடாமல் எடுத்துக்கொண்டாள். "கலஞ்சிரும்" என்றாள்.

காவிரிக் கரைக்குப் போனோம். மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. மற்றவர்கள் ஆக வேண்டியதைப் பார்க்க, நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

பதினாறு முடிந்து கவிதா பார்லரைக் காலி செய்தாள். டிரையரை மட்டும் என் மேசையில் வைத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா" என்றாள். அதோடு செண்பகம் சொன்ன இரண்டு பேச்சும் என்னிடம் இருக்கின்றன: இருக்கறத நிக்க வைப்போம் என்பது ஒன்று, சரோஜாவுக்காக என் வாயை மூடச் சொன்னது இன்னொன்று. இரண்டாவதைத்தான் கடைப்பிடிக்கச் சிரமமாக இருக்கிறது.

நேற்றுக் காலை குளித்துவிட்டுக் கடையில் குனிந்து நின்று, அந்த டிரையரை என் வேர்ப் பக்கம் காட்டினேன். வகிட்டை அவள் சொன்ன பக்கம் மாற்றினேன். கண்ணாடியில் பார்த்தால் அந்த ஐந்து முடியும் பத்தாகத் தெரிந்தது. சொன்னது சரிதான். விரலை மடக்கிச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அப்புறம் கையை இறக்கினேன். முடி சாயங்காலம் வரை படியவே இல்லை.