மாமி குந்துவதற்கு ஒரு சீட்

மாமாவிடம் ஒரு ரேஸ் பைக் இருந்தது என்றதும் யாரும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் யாரோ ஓடிச் சலித்து, பிறகு யாரோ அதோடு விழுந்து எழும்பி, கடைசியில் களுவாஞ்சிக்குடிக் கராஜ் ஒன்றின் மூலையில் அரைப் பிணமாகக் கிடந்த சாமான் அது. அங்கே வேலை செய்த மாமாவிடம் முதலாளி, "இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்கு, கொண்டு போடா" என்று தள்ளிவிட்டிருந்தார். ஓடுகிறவர் வயிறு டாங்கியில் முட்டக் குனிய வேண்டும். பின்சீட்டோ அவருடைய தோள் உயரத்தில், ஒரு தேங்காய் வைக்கும் அகலத்தில் இருந்தது. சாரி கட்டிய பெண் அதில் ஏறினால் ஒன்று சாரி கிழியும், இல்லையென்றால் மானம் கிழியும்.

அதில் ஏற வேண்டியவ மாமி. அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொந்த மச்சாள், அடுத்த ஒழுங்கையில் தாயோடு இருந்தவ. மாமா அவவைத்தான் முடிப்பார் என்பது எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும். கலியாணம் முடியுமுன்னே நான் மாமி, மாமி என்று அவவின் பின்னால் திரிந்தேன்.

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருப்பான். அதற்குப் பெண்ணின் பெயரில் ஒரு வீடு வேண்டும். மாமியின் தகப்பன் சண்டைக் காலத்தில் போனவர், கூடப் பிறந்தவர்களும் இல்லை. இருந்தது ஒரு துண்டு வளவும் ஓலைக் கொட்டிலும்தான்.

"எனக்கு வீடு வேணாம் அக்கா, அவள் போதும்" என்றார் மாமா. தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தது அம்மாதான்.

"உனக்குப் போதும் மனே, ஊருக்குப் போதுமா? மாப்பிள்ளை எண்டால் பொண்டாட்டி வீட்டதான் இரிக்கோணும். கொட்டிலுக்கு அனுப்பினா சனம் என்னையெல்லோ கதைக்கும்."

அம்மா கெட்டவ இல்லை. ஊர் என்ற ஒன்று எப்போதும் எங்கள் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதாக அவ நம்பினா, அவ்வளவுதான். அந்த ஊர் ஒருநாளும் வந்து ஒரு கல் எடுத்துக் கொடுத்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுகா என்ன, வீடு கட்ட உழைக்க மாமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. வாவித் துறையில் என்னைக் கட்டிப் பிடித்து, "மாமாவைப் பாத்துக்க புள்ள" என்றா. ஒன்பது வயதுக்காரியிடம் அதைவிடப் பெரிய உத்தியோகம் கொடுக்க முடியாது.

அவ போன கிழமையே மாமா எங்கள் பின் வளவில், கஜு மரத்தடியில் பைக்கைக் கழற்றத் தொடங்கினார். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் கவர் எல்லாம் போனது. தாழ்ந்த ஹேண்டிலுக்குப் பதிலாக ஏதோ பழைய பைக்கின் உயர்ந்த ஹேண்டில் வந்தது. மேலே தூக்கி நின்ற பின் சட்டத்தைக் கிரைண்டரால் அறுத்தெறிந்து, பைப் வளைத்து, தட்டையாக, நீளமாகப் புதுச் சட்டம் வெல்டிங் வைத்து ஒட்டினார். மாமாவின் கூட்டாளிமாருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"டேய், ரேஸ் குதிரைக்குக் கொம்பு மாடு மாதிரி ஹேண்டில் வைக்கிறான் பாருங்கடா!"

"இதுக்கு நீ ஒரு ஸ்கூட்டியே எடுத்திரிக்கலாமேடா."

மாமா சிரித்துக்கொண்டே ஒட்டினார். இவ்வளவு பொறுமையான மனிதனை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

அளவு பார்க்கும் ஆள் நான். அம்மாவின் பழைய சாரியைச் சட்டைக்கு மேலே சுற்றி, ஒரு பக்கமாகக் கால் போட்டுக் குந்த வேண்டும். கால் வைக்கும் தட்டு மாமிக்கு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று மாமா பார்ப்பார். என் கால் எட்டாது. "இன்னும் கொஞ்சம் வளரன் புள்ள" என்று அவசரப்படுத்துவார். முந்தானை சில்லில் சிக்காமல் ஒரு கம்பி வலை, வாவிக் காற்றுக்குச் சறுக்காத உறை என்று ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளிக்கிழமைகளில் மாமி வீடியோவில் வருவா. மாமா முதலில் தன் முகத்தைக் காட்ட மாட்டார், பைக்கைத்தான் காட்டுவார்.

"பிடிக்கப் பின்னுக்குக் கம்பி வைக்கல்லையா?" என்று கேட்டா மாமி ஒருநாள்.

"என்னைப் பிடியன்."

மாமி வெட்கத்தில் போனை எங்கேயோ திருப்பினா. ஒரு பெரிய வீட்டின் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா மறுநாள் கம்பியும் வைத்தார்.

மாமி அனுப்பிய காசில் அடுத்த ஒழுங்கையில் அவவின் வீடும் எழும்பியது. கல் வந்தது, சுவர் வந்தது, யன்னல் நிலை வந்தது. பைக்குக்கு மயில் நீலம் பூசி முடித்தபோது அந்த வீட்டுக்குக் கூரை மட்டும்தான் பாக்கி.

கூரைக்காக இன்னும் கொஞ்சக் காலம் நிற்கிறேன் என்றா மாமி. "வந்திரு, ஓலை போடலாம்" என்று மாமா கெஞ்சியது எனக்குக் கேட்டது. அம்மா போனை வாங்கி, "இவ்வளவு நாள் இரிந்திட்டாய், இன்னும் கொஞ்சம்தானே புள்ள" என்றா. மாமி நின்றா.

மாமிக்கு நெஞ்சுவலி என்று குவைத்திலிருந்து சொன்னார்கள். வருத்தம் வாதை என்று ஒருநாள் படுக்காத பிள்ளைக்கு நெஞ்சுவலி! யாரிடம் போய்க் கேட்பது? பெட்டி வந்தது, அவ்வளவுதான்.

வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். மாமியைக் கொண்டுவந்த வேன் அதில் ஏறியது. பக்கத்தில் மாமா பைக்கை ஏற்றி நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவும் நானும் சனத்தோடு நின்றோம். பைக்கைப் பார்த்த எவரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்குக் கால் கடுத்தது. அவ்வளவு நீளமான சீட் சும்மா கிடந்தது.

"மாமா, நான் குந்தட்டா?"

மாமா என்னைத் தூக்கி, ஒரு பக்கமாகக் கால் போட்டு இருத்திவிட்டார். என் கால் அந்தத் தட்டை எட்டியது. நான் சந்தோசத்தில், "எட்டுது மாமா!" என்று கத்தினேன். அம்மா, "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு பாதையின் பலகையில் குந்திவிட்டா.

பெட்டியைக் கூரையில்லாத அந்த வீட்டுக்குள்தான் வைத்தார்கள். மேலே ஒரு தறப்பாள் கட்டியிருந்தது. வீடு நல்ல வீடு, பெரிய வீடு என்று வந்த சனம் கதைத்தது. ஊர் திருப்திப்பட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் காலையில் மாமா தன் உடுப்பெல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அந்தச் சீட்டில் வைத்தார்.

"எங்க மனே போறாய்?" என்று ஓடி வந்தா அம்மா.

"அவட வீட்டுக்கு. மாமி தனியத்தானே இரிக்கா" என்றார், மச்சாளின் தாயைத்தான் அவர் மாமி என்பார்.

"நாலு நாள் இரிந்திட்டு வா. வேற ஒரு இடம் பாப்பம். உனக்கென்ன வயசா போச்சு?"

"மாப்பிள்ளை பொண்டாட்டி வீட்டதானே அக்கா இரிக்கோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு வேலை இருக்கு என்பது மாதிரித்தான் சொன்னார். அம்மா படலையைப் பிடித்தபடி நின்றா. பைக்கின் சத்தம் ஒழுங்கையில் திரும்பித் தேய்ந்த பிறகும் படலையை விடவில்லை.

நான் வீட்டுக்குள் ஓடினேன். மாமாவின் அறை வெறுமையாகக் கிடந்தது. எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று எத்தனை காலமாக அழுதிருப்பேன். என் புத்தகங்களையும் தலையணையையும் தூக்கி வந்து அடுக்கிவிட்டு, மாமாவுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது, இனி இந்த அறை எனக்குத்தானே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஓம் புள்ள" என்றா அம்மா. "இந்த வீடே உனக்குத்தான்."

அதைச் சொல்லும்போது அவ ஏன் அப்படி அழுதா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.