இரண்டு பல்செட்டும் ஒரு டிவியும்

தெருவுக்கே அவள் தையலக்கா. அளவு கொடுக்க வரும் பெண்களிடம் வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் ஈறு நோய் பற்களையெல்லாம் வாரிக்கொண்டு போனதிலிருந்து, பல்செட் இல்லாத வாயை ஒருத்தருக்கும் காட்டியதில்லை. கட்டிய புருஷனுக்குக்கூட இல்லை. செட்டைக் கழற்றிக் கழுவுவதென்றால் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தாக வேண்டும்.

அந்த வாயைப் பார்த்த ஒரே ஆள் அவள் தம்பி, பல் டாக்டர். அம்மா போன பிறகு இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

"அக்கா, பழைய முறையில ஒரு செட், மூஞ்சியையும் வாயையும் கேமராவுல எடுத்து கம்ப்யூட்டர் முறையில ஒரு செட் செஞ்சு தரேன். எது தேவலைன்னு நீதான் சொல்லணும்."

"மூஞ்சி வெளியில வராதேடா?"

"என்னை நம்ப மாட்டியாக்கா?"

நம்பினாள். பழைய முறைக்கு நடையாய் நடந்தாள். வாய் நிறையப் பசையை அப்பி அச்செடுத்தான். மெழுகில் பல் நட்டு, போட்டுப் பார்த்து, தூக்கலாக இருக்கிறது என்றால் மறுபடி இறக்கினான். கம்ப்யூட்டர் முறையில் அந்தக் குமட்டல் இல்லை. ஒரு கேமரா வாய்க்குள் சுற்றியது, இன்னொன்று முகத்தைச் சுற்றியது, அவ்வளவுதான்.

இரண்டையும் போட்டுப் பார்த்து நியாயமாகவே முடிவு செய்தாள்: சிரித்தால் பழையது அழகு, மென்றால் புதியது அசையவில்லை. அதைச் சொல்லத்தான், புதியதைப் போட்டுக்கொண்டு, கிளினிக்குக்குப் போனாள்.

நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் பெரிய டிவி. அதில் ஒரு பொக்கைவாய்த் தலை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ பாவம் என்று உட்காரப் போனாள். தலை இந்தப் பக்கம் திரும்பியது. அவளேதான். பக்கத்தில், போன வாரம் அளவு கொடுத்துவிட்டுப் போனவள், சட்டென்று டிவியிலிருந்து கண்ணை எடுத்துக் கைப்பையில் எதையோ தேடினாள்.

"என்னடா இது?" உள்ளேயிருந்து வந்த தம்பியிடம் கேட்டாள்.

"பேர் போடலையேக்கா. மிஷின் எவ்வளவு நல்லா எடுக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"மூஞ்சியைப் போட்டுட்டுப் பேர் போடலைங்கிறியே! உன்கிட்ட மட்டும்தானேடா வாயைத் திறந்தேன்."

"சரி விடுக்கா, அப்புறமா எடுத்துடறேன்."

எந்த செட் தேவலை என்று அவன் கேட்கக்கூட இல்லை. தூக்கி வளர்த்தவனே முதுகில் குத்திவிட்டான் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வெறும் வாயோடு அத்தனை பேர் நடுவிலும் நிமிர்ந்து நடந்தாள்.

தம்பி பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா, வாயை மறைச்சுக்கோ. எல்லாரும் பாக்கறாங்க."

டிவியை அணைக்க வேண்டும் என்று அப்போதும் அவனுக்குத் தோன்றவில்லை.