கொழும்பு வீட்டுக் கணிப்பு

மலையகத்துத் திம்புள்ளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடையில் எடுக்கும் மின்சாரம், தொழிற்சாலையோடு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் போதுமா என்று பார்க்க, மின் பொறியியலாளரான நான் இரண்டு மென்பொருட்களை இணைத்தேன். ஒன்று நீர்வரத்தையும் மற்றது வீடுகளின் தேவையையும் கணித்து, தமக்குள் தகவல் பரிமாறிக்கொண்டன. போதாது என்று முடிவு வந்தது.

“அப்ப லயங்களை விடுங்கோ” என்றார் மேலதிகாரி.

கொழுந்து பறிக்கும் செல்வி அக்காவிடம் தயங்கியபடி சொன்னேன்.

“நாங்க வெறகுலதானே சமைக்கிறோம் தங்கச்சி? ரெண்டு பல்பு, ஒரு டீவி, வேறென்ன கேட்டோம்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கொழும்பு வீடுகளின் மின்பாவனையை அப்படியே லயத்துக்குப் போட்டிருந்தேன். நானே லயத்தில் பிறந்தவள்! திருத்திப் பார்த்தேன், போதுமானதாக இருந்தது.

“அறிக்கை போயிட்டுது. இனி மாத்தேலாது” என்றார் மேலதிகாரி.

“என் பிழைன்னு நானே எழுதித் தர்றேன் சேர். லயத்த விட்டுட்டு இறுதித் திட்டத்துல கையெழுத்துப் போட மாட்டேன்.”

எழுதியும் கொடுத்தேன். என் பதவி உயர்வு தள்ளிப்போனது. லயங்களில் விளக்கு எரிந்தது. இன்றும் அதையே செய்வேன். ஆனால், எந்த வீட்டுக்குக் கணிக்கிறேனோ, முதலில் அந்த வீட்டில் போய்க் கேட்டுவிடுகிறேன்.