வேணி தூற்றாத மண்

ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊரில் வேணிக்கு இருந்த சொத்தெல்லாம் பதினான்கு முந்திரி மரங்கள்தான். கணவர் அரியமுத்து சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் படுத்துக் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். கிறிஸ்தவ சபையிலிருந்து வந்த நாலு பெண்கள் மட்டும் உள்ளே வந்து அவர் துணிகளைத் துவைத்துப் போட்டார்கள். அவர் இறந்த பிறகு வேணி அந்தப் பெண்களைத் தேடிப் போனாள், ஞானஸ்நானம் எடுத்தாள். ஞாயிறுதோறும் அவள் வீட்டிலேயே ஜெபம் நடந்தது.

கணவரின் அண்ணன் குழந்தைவேலுக்கு அது பொறுக்கவில்லை. "ஜெபத்த நிறுத்து. இல்லன்னா நீ எப்படிப் பொழைக்கிறன்னு பாத்துடறேன்" என்றார். வேணி நிறுத்தவில்லை.

தை மாதம் மரமெல்லாம் பூத்து நின்ற நேரம், அவள் டவுனுக்குப் போயிருந்த ஒரு பகலில், குழந்தைவேல் ஆள் வைத்துப் பதினான்கையும் அறுத்துத் தள்ளிவிட்டார். வேணி வந்து பார்த்தபோது சாய்ந்து கிடந்த கிளைகளில் பூ வாடக்கூட இல்லை.

ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். அநியாயம் செய்தவன் விளங்காமல் போக மண்ணை வாரித் தூற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். "வாரித் தூத்துடி! அவன் குடும்பமே நாசமாப் போவட்டும்" என்றாள் பக்கத்து வீட்டு ராசாத்தி.

வேணி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளியேவிட்டாள். குழந்தைவேல் வீட்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு விரல்களைத் திறந்து மண்ணைக் கீழே விட்டாள். "கர்த்தாவே, என் வழக்க நீங்க பாருங்க" என்றாள்.

"நல்லாப் பாத்தாரு போ!" என்று ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் மனு கொடுத்தாள். குடும்பத் தகராறுதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஆனால் குழந்தைவேலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. தூற்றியிருந்தால் பதிலுக்கு ஒரு பரிகாரம் செய்திருப்பார். இவள் ஒரு சாபம்கூட விடாமல் வழக்கைச் சாமியிடமல்லவா விட்டுவிட்டாள்! பத்தாம் நாள் அவருடைய தண்ணி மோட்டார் கருகியது. நேராக வேணி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒரு வார்த்த திட்டிடு வேணி. எனக்கு மனசு ஆறிப்போவும்."

"மோட்டார் கருகுனதுக்கு மெக்கானிக்கப் பாருங்க மாமா."

"உன் சாமிகிட்ட என்னதான் சொல்லி வச்சிருக்க?"

"நியாயம் வேணும்னு சொன்னேன். உங்களுக்குக் கெடுதல் வரணும்னு சொல்லல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல ஒட்டுக்கன்னா வாங்கி நானே நட்டுத் தரேன். ஞாயித்துக்கெழம கூட்டத்த மட்டும் வுட்டுடு."

அன்று அவள் அடுத்தவர் களத்தில் கூலிக்கு முந்திரி உடைத்துவிட்டு வந்திருந்தாள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு விரல்நுனி கருத்து வெந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கன்னு நட்டுத் தரது நியாயம் மாமா. கூட்டத்த வுடச் சொல்றது நியாயமில்ல."

அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பெண்களோடு ஜெபம் நடந்தது. குழந்தைவேல் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கலைக்க வந்தாரா, கேட்க வந்தாரா என்று தெரியவில்லை. வேணி அவரைப் பார்த்தாள், குரலைக் குறைக்கவில்லை.

"ஆண்டவரே, குழந்தைவேல் மாமாவுக்கு நல்ல சுகத்தத் தாரும். வெட்டுன மரத்துக்கு நியாயத்தயும் தாரும்."

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். ஆமென் சொல்லும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார்.