கண்ணாடிக்கும் காய்ச்சலா?

அறுபதுகளில் செம்பூரில் ஒரு மீன்பண்ணையில் மீன்களின் ரத்தத்தைச் சோதிப்பது என் வேலை. ஒருநாள் தாராவியில் இருந்த வீட்டிலிருந்து லேட்டாக ஓடிவந்து, ரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளில் அவசரமாகச் சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஊதாப் புள்ளிகள்!

"ரத்தத்துல கிருமி, சார். குளம் பூராவும் பரவியிருக்கும்" என்றேன். மீன்களைக் கொன்று புதைக்கச் சொல்லிவிட்டார் அதிகாரி. ஆட்கள் வலையோடு இறங்கினார்கள்.

தகடு கழுவும் சாந்தாபாய் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரத்தம் படாத ஓரத்துலயும் புள்ளி இருக்கே பாபு, கண்ணாடிக்கும் காய்ச்சலா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயத்தை வடிகட்ட மறந்திருந்தேன். அந்தக் கசடுதான் புள்ளி. வடிகட்டிய சாயத்தில் பார்த்தால் ரத்தம் சுத்தம்.

"நிறுத்துங்க!" என்று குளத்துக்கு ஓடினேன். அதிகாரி திட்டியது காதில் ஏறவில்லை. திரும்ப விட்ட மீன்கள் துள்ளிய சத்தம்தான் கேட்டது.

இன்றும் யாரிடமாவது குறை தெரிந்தால், சாயத்தை வடிகட்டினேனா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.