இடப்பக்கத்தால் வந்த விமானங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் அப்பா ஒன்பது தடவை செத்துப் போனார்.

பதறாதீர்கள். ரிவித் திரையில் ஓடிய விளையாட்டில்தான். குட்டிச் சாம்பல் நிற விமானமாகப் பறப்பார், வெடிப்பார், மறுபடி பறப்பார். மூன்று உயிரும் போய் ஆட்டம் முடிந்தால், "இன்னொருக்காப் போடு பிள்ளை" என்பார். நானும் போடுவேன். ஏழாவது சாவு வரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டாவதில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்வதற்கு முன், அன்று எங்கள் வீடு இருந்த நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சல்லி என்கிற எங்கள் கரையூரில் கடற்றொழில் செய்பவர். அந்தச் சனிக்கிழமையோடு அவர் கடலுக்குப் போகாமல் பதினொரு நாள். காய்ச்சல் இல்லை, காற்று இல்லை, எஞ்சினில் பழுதும் இல்லை. வள்ளத்தைக் கடலில் தள்ளக் கூடாது என்று கரையின் மீனவர் சங்கம் சொல்லியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் தவம் மாமா. அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், அவரும் கடற்றொழில்தான். அந்தப் பதினொரு நாளுக்கு முதல் நாள் விடியற்காலையில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அப்பாவின் வள்ளம், தவம் மாமாவின் வலைக்கு மேலால் ஓடிவிட்டது. எஞ்சின் விசிறி வலையை நார் நாராகக் கிழித்துவிட்டது. வழக்கமாக வள்ளத்தின் முன்பக்கம் இருந்து கையால் வழி காட்டுகிறவர், கட்டைபறிச்சானில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். அப்பா தனியே போயிருந்தார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை விடுகிறவர் அதன் இரண்டு தலைப்பிலும் கம்பில் கொடி கட்டி மிதக்க விட வேண்டும். கொடி இருந்தும் ஒருவர் அந்த வலையை அறுத்தால், அதைத் தன் கையாலேயே பின்னித் திருத்திக் கொடுக்கும் வரை அவர் கடலுக்குப் போகக் கூடாது. கொடி இல்லையென்றால், வலைக்காரர் வாயைத் திறக்கவே கூடாது. இழந்தது இழந்ததுதான்.

கொடி கட்டினேன் என்றார் தவம் மாமா. கொடியே இல்லை என்றார் அப்பா. கம்பையும் காணோம், துணியையும் காணோம். கடல் சாட்சி சொல்லுமா?

விசாரணை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அதுவரை இரண்டு வள்ளமும் கரையில். இரண்டு பேரும் தங்கள் பக்கத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பது இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். (எத்தனை தடவைதான் சொல்வாய் என்று நீங்கள் கேட்பதும் எனக்குக் கேட்கிறது. இன்னும் பல தடவை சொல்வேன்.) நகரத்தில் கந்தோர் ஒன்றில் மேசை வேலை பார்த்தாலும், எங்கள் ஒழுங்கையில் நான்தான் கடிதம் எழுதுகிறவள். கிராம சேவகருக்கு, வங்கிக்கு, மின்சாரசபைக்கு — எதுவென்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

தவம் மாமாவும் வந்தார்.

அப்பாவுக்கு எதிரான கடிதத்தை, அப்பாவின் மகளிடமே எழுதக் கேட்டு வந்தார். அப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். மாமா செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.

"வேற ஆரிட்டப் போறது பிள்ளை? உள்ளதை எழுது, அது காணும்."

எழுதினேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நான்கு வரி வந்தது. கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அப்பாவின் கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். 'எனது முப்பது வருடக் கடல் அனுபவத்தில்' என்று தொடங்கி, 'மேலும்', 'அத்துடன்', 'ஆகவே' எல்லாம் போட்டு, நடுவில் ஒரு சொல்லையும் இறக்கினேன் — 'கவனயீனம்'. கொடி கட்டாத கவனயீனம். அந்தச் சொல்லை எழுதியபோது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா, "நல்லா எழுதியிருக்கிறாய்" என்றார். அன்றே சங்கத்தில் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அலுமாரியைக் கிண்டியது வள்ளத்தின் பதிவுப் புத்தகத்தைத் தேடித்தான். அடுத்த நாள் சங்கத்தில் கேட்பார்கள். அது கிடைத்தது. அதற்குக் கீழே பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றிய ஒரு பெட்டியும் கிடைத்தது.

ரிவி கேம்!

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தபோது அப்பா நகரத்துக்கு பஸ்ஸில் போய் வாங்கி வந்தது. அதில் ஒரேயொரு விளையாட்டைத்தான் நாங்கள் இருவரும் விளையாடுவோம். நீலக் கடல், அதன்மேல் இரண்டு குட்டி விமானங்கள். கடல் மேலிருந்து கீழாகத் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். நிற்க ஏலாது, திரும்பிப் போக ஏலாது. எதிரி விமானங்கள் மூன்று பக்கத்தாலும் வரும். சுட வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும்.

அந்தக் காலத்திலேயே எங்களுக்குள் பங்கு பிரித்தாயிற்று. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் நான். எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பா, எந்தத் தீவு தாண்டினால் எந்த மூலையால் எத்தனை விமானம் வரும் என்பதை மனப்பாடமாகச் சொல்வார்.

விறாந்தைக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்த மனிதரைக் கொஞ்சம் உட்கார வைக்கலாம் என்று நினைத்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைத் துடைத்துப் புது ரிவியில் செருகினேன். படம் வந்தது! டிங்... டிங்... என்று அதே சத்தம். அப்பா வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த ஒன்பது சாவு.

முதலில் வயது போய்விட்டது என்று கேலி செய்தேன். கேம் ரிமோட்டில் பிழை என்றார். மாற்றிக் கொடுத்தேன். என்னுடைய ரிமோட்டில் எனக்கு ஒரு பிழையும் இல்லை, அவருடையதிலும் எனக்கு ஒரு பிழையும் இல்லை. பழக்கம் விட்டுப் போச்சு என்றார். அதுவும் சரி என்று நினைத்தேன்.

ஆனால் எதிரே வந்த விமானங்களை அவர் சுட்டு விழுத்திக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தால் வந்தவற்றை எனக்கு முன்னமே கண்டார். செத்தது எல்லாம் ஒரே பக்கத்தால். எட்டாவது தடவை, இடது மூலையிலிருந்து ஒரு சிவப்பு விமானம் மெதுவாக, மிக மெதுவாக, அவரை நோக்கி வந்தது. அப்பா விலகவில்லை. சுடவும் இல்லை. அது மோதும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை. பார்க்கவில்லை.

பக்கத்தை மாற்றுவோம் என்றேன். அவர் வலப்பக்கம் போனார். ஒன்பதாவது தடவையும் இடப்பக்கத்தால் வந்த விமானமே அவரைக் கொன்றது.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் அதை வாங்கி, அப்பாவின் இடப்பக்கம் இருந்த சின்ன முக்காலியில் வைத்தேன். சத்தம் போடாமல் வைத்தேன். கடல் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்...

"என்னப்பா, தேத்தண்ணி எனக்கில்லையோ?" என்று அப்பா குசினிப் பக்கம் பார்த்து அம்மாவைக் கேட்டார்.

அம்மா வந்து முக்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கொஞ்ச நாளாக அப்பா சாப்பிட்டு எழும்பும்போது தட்டில் ஒரு பக்கம் மீன்துண்டு அப்படியே கிடப்பதாகச் சொன்னார். சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று மனதுக்குள் கோபமாம். எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா தலைச்சுற்று என்று வள்ளத்திலிருந்து இறங்கி வந்து மணலில் படுத்தார். வெயில் என்று எல்லோரும் சொன்னோம்.

நான் ரிவியை நிறுத்தினேன்.

"அப்பா, ஒரு கொடி இருட்டில தூரத்தில எண்டு வைப்பம். அண்டைக்குக் கிட்ட இருந்த மற்றக் கொடி எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

வலை கரையைப் பார்க்க எந்தப் பக்கம் கிடந்தது, தான் எந்தப் பக்கத்தால் வந்தார் என்று கைவிரலால் கதிரைக் கையில் கோடு போட்டுப் பார்த்தார். ஒருமுறை போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

"இடப்பக்கம்" என்றார்.



நாளைக்குச் சங்கத்தில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். பார்வை இல்லை என்று கரை முழுக்கத் தெரிந்தால், இனி அவருடைய வள்ளத்தில் யார் ஏறுவார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லாவிட்டால், தவம் மாமா கொடி கட்டாத பொய்யர் ஆகிவிடுவார். அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"நீ எழுதிக் குடுத்தாச்சுத்தானே பிள்ளை."

இரண்டு பக்கம். முழுதாக, பிழையில்லாமல், எழுதிக் கொடுத்தாயிற்று.

ஞாயிறு காலை நான் உண்மையைச் சொல்லிப் புதிதாக ஒரு கடிதம் எழுதி நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பதிவுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். வாசலில் அவருடைய இடது தோள் கதவு நிலையில் இடித்தது. எத்தனை நாளாக இப்படி இடிக்கிறது? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். நான் யன்னலோரம் நின்றேன். செயலாளர் முதலில் தவம் மாமாவின் கடிதத்தை வாசித்தார். நான்கு வரி. வாசித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதும் இருக்கிறதா என்று. யாரோ பின்வரிசையில், "இவ்வளவுதானோ?" என்று சிரித்தார். தவம் மாமா நிலத்தைப் பார்த்தார்.

பிறகு என்னுடைய இரண்டு பக்கம்.

நான் எழுதியதை இன்னொருவர் குரலில் கேட்க எப்போதுமே எனக்குப் பிடிக்கும். அன்று காதைப் பொத்தவேண்டும் போல இருந்தது. 'ஆகவே' வந்தபோது இரண்டு மூன்று தலைகள் ஆடின. 'கவனயீனம்' வந்தபோது செயலாளர் சற்று நிறுத்தி, அந்தச் சொல்லை இன்னொரு முறை அழுத்தி வாசித்தார். தவம் மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் விளங்காத மாதிரிப் பார்த்தார்.

"இதில சொல்லியிருக்கிறதெல்லாம் சரிதானே அண்ணை?" என்று செயலாளர் கேட்டார்.

அப்பா எழும்பினார். பதிவுப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தொண்டையைச் செருமினார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தவம், என்ர இடப்பக்கம் வந்து நில்லு."

தவம் மாமா தயங்கி எழும்பி வந்தார். அப்பா நேரே சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"வந்திட்டியோ?"

"பக்கத்திலதான் நிக்கிறன் அண்ணை."

"நீ நிக்கிறது எனக்குத் தெரியேல்லை" என்றார் அப்பா. "கொடியும் அப்பிடித்தான் நிண்டிருக்கும். நீ கட்டியிருப்பாய். நான் காணேல்லை."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது. முப்பது வருடக் கடலை அந்த மனிதர் நான்கு வசனத்தில் கரையில் இறக்கி வைத்துவிட்டார்.

தவம் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "முந்தியே சொல்லியிருந்தா நான் வலப்பக்கமா வலை விட்டிருப்பனே அண்ணை" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தவம் மாமாவின் கை அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தது, விடவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் பிழை இல்லையாம். மூளையின் பின்பக்கம் இரத்தக் குழாய் ஒன்றில் சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது. அதனால் இரண்டு கண்ணுக்கும் இடப்பக்கம் தெரியவில்லை. மருந்து தந்தார்கள். வள்ளம் ஓட்ட ஏலாது என்று டொக்டர் சொன்னபோது அப்பா மருந்து எழுதிய துண்டைக் கவனமாக நான்காக மடித்தார்.

கரையின் வழக்கப்படி அப்பாதான் வலையைத் திருத்தினார். ஒன்பது நாள் எடுத்தது. இடப்பக்கக் கண்ணிகளைக் காணத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டும்; பழகிக்கொண்டார். அவருடைய வள்ளம் இன்னும் கரையில்தான் கிடக்கிறது. அது என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் இப்போது பயமாக இருக்கிறது.

நான் அடிக்கடி நினைப்பது இதைத்தான். அப்பாவுக்கு ஒரு பக்கம் தெரியவில்லை — அது உடம்பு வருத்தம், மருந்து இருக்கிறது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், படிப்பும் இருக்கிறது, இருந்தும் தவம் மாமாவுக்கு நான்கு வரிக்கு மேல் என்னால் காண முடியவில்லை. இதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னதைத்தானே எழுதினாய் பிள்ளை" என்றார். அதுதானே மாமா பிழை, இன்னும் நாலு கேள்வி கேட்டு எழுதியிருக்க வேண்டும் என்றேன். அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. அடுத்த கிழமை மகளின் பாடசாலை அனுமதிக்கு ஒரு கடிதம் வேண்டுமாம். வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அப்பாவே ரிவியைப் போட்டார். வயர்களைத் தடவிச் செருகினார். கதிரையை இழுத்தார்.

"நீ இடப்பக்கம் போ பிள்ளை."

போனேன். இரண்டு நிமிடத்தில் செத்தேன். இத்தனை வருடமாக அந்தப் பக்கத்தால் இவ்வளவு விமானம் வந்துகொண்டிருந்தது என்று எனக்கு யார் சொன்னது?