தனம் அக்கா வேலையை விட்ட திங்கட்கிழமை

தனம் அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, ஈஜிபுராவில், தூக்கத்திலேயே...

எங்கள் தொம்மலூர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். நான் அப்போது அங்கே ஹெச்.ஆர்.

அவரோடு வேலை பார்த்த மஞ்சுளா, மூன்று வயது மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருவாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருநாள் அந்த வீட்டில் ஒயர் பற்றிக்கொண்டு, அறை முழுக்கப் புகை... பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்து, கட்டிலுக்கு அடியிலிருந்து குழந்தையை இழுத்தெடுத்தார்கள்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நாள் அது வாயே திறக்கவில்லை.

பேன்ட்ரியில் எல்லாப் பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள். ஆபீஸிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு க்ரெஷ் கேட்டு மேலே எழுதுகிறேன் என்றேன். இடம், பர்மிஷன், சேஃப்டி... எல்லாம் சரியாக அமைய வேண்டுமே என்றும் சொன்னேன்.

"எவ்ளோ நாள் ஆவும் மேடம்?" என்று கேட்டார் தனம் அக்கா.

"மூணு மாசமாவது ஆகும்க்கா."

"எழுதுங்க மேடம்" என்றார். மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன்.

"நான் நின்னுட்டேன் மேடம். வூட்ல புள்ளைங்க இருக்குது, அப்புறம் பேசறேன்."

அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டுக்காரர் இறந்து, தனியாக இருந்தவர்.

மாலையில் தேடிக்கொண்டு போனேன். ஒரே ரூம். கேஸ் அடுப்பை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை அடித்திருந்தார். உள்ளே ஆறு குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதில் மஞ்சுளாவின் மகளும் ஒருத்தி.

"கொஞ்சம் பெரிய இடமா கெடச்சப்புறம் ஆரம்பிச்சிருக்கலாமேக்கா..."

"கெடைக்கட்டும் மேடம். அது வரைக்கும் இதுங்க எங்க இருக்கும்?"

கோபமில்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் இருக்கும்போதே ஹவுஸ் ஓனர் வந்து, இதெல்லாம் இங்கே நடத்தக் கூடாது என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். விழித்து அழுத குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "ஸ்வல்ப ஹிட்கொள்ளி சார்", கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா பால் காய்ச்சப் போனார்.

அந்த மனிதர் பத்து நிமிடம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றார் போகும்போது.

பதினொரு வருடம். அதே ரூம். அம்மாக்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, பருப்பு கொண்டுவந்து கொடுக்க, அதிலேயே பிள்ளைகளுக்கும் அக்காவுக்கும் சாப்பாடு.

மழைத் தண்ணீர் உள்ளே வந்த ஒரு நாளில், அத்தனை பிள்ளைகளையும் கட்டில்மேல் ஏற்றி உட்கார வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை தண்ணீரில் நின்றபடி... பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தப் பெண்மணிக்கா நான் ப்ரபோசல் எழுதித் தருவதாகச் சொன்னேன்!

என் க்ரெஷ் வரவே இல்லை.

இன்று காலை எட்டு மணிக்கு நான் போனபோது, விஷயம் தெரியாத மூன்று அம்மாக்கள் பிள்ளைகளோடும் டிபன் பைகளோடும் வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே அக்காவைக் கிடத்தியிருந்தார்கள்.

மேல் வீட்டுப் பெண் ஒருத்தி அழுத முகத்தோடு இறங்கி வந்தாள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கெலசத்துக்குப் போங்க, வேலை கெட வேணாம். சாயந்திரம் வரைக்கும் மேல என் வூட்ல இருக்கட்டும்" என்றாள்.

போய் வாங்க தனம் அக்கா.